காட்டுயிர்க் காப்பும் அதன் பொருள்வழியும்: தமிழ்நாட்டு வரலாற்றில் ஓர் ஆய்வு

முன்னுரை

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய பேகன், மலைச்சாரலில் அகவிய மயிலைக் கண்டு, அது குளிரால் நடுங்கிற்று எனக் கருதித் தன் போர்வையை அதற்கு ஈந்தான் என்பது தமிழறிந்தார் அனைவரும் அறிந்த செய்தி. கம்மாபுரத்தைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்து வரும் மாணவர்க்கு இப்பகுதியைக் கற்பித்தபோது, உழவர் குடியிற் பிறந்த ஒருவர் எழுந்து, 'பேகன் கொடுத்தது அவனுடைய போர்வை. எங்கள் கொல்லையில் மல்லாட்டையை மயில் தின்றால் அந்தச் செலவு யாருடையது?' என்று வினவினார். வகுப்பு நகைத்தது. ஆயினும் அவ்வினா நகைத்து ஒதுக்கத் தக்கதன்று. மயில் இந்நாட்டின் தேசியப் பறவையாக 1963இல் அறிவிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் முழுக் காப்பும் பெற்றது. காப்பது அரசு, இழப்பது உழவன். இவ்விரண்டிற்கும் இடையே பொருள் எவ்வழி வந்தது, எவ்வழிச் சென்றது என்பதை வரலாற்று முறையில் ஆராய்ந்தவர் நம்மிடையே மிகச் சிலரே.

காட்டுயிர்க் காப்பின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் சட்டங்களின் வரிசையையோ, புகலிடங்களின் பட்டியலையோ, அரிய விலங்குகளின் எண்ணிக்கையையோ கூறி அமைவர். அச்சட்டங்களை நடத்தப் பொருள் தந்தவர் யாவர், தந்தவர் விருப்பம் காப்பின் போக்கை எவ்வாறு மாற்றிற்று என்பவற்றை அவர் விரித்துரைப்பதில்லை. தமிழ்நாட்டில் இக்காப்பு, ஊரார் பொறுத்த செலவு, வேட்டையாடுவோர் செலுத்திய உரிமக் கட்டணம், அரசின் வருவாய், காட்டை அழிப்போர் செலுத்தும் ஈட்டுத்தொகை என நால்வகைப் பொருள்வழிகளைக் கண்டுள்ளது. இந்நான்கினையும் முறையே ஆராய்ந்து, பொருள் வரும் வழியே காக்கப்படும் உயிரைத் தெரிவு செய்கிறது என்பதை நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பழமரபில் காப்பும் பொருளும்

விலங்கினைக் காத்தல் அரசன் கடமை என்னும் கருத்து இந்நாட்டிற்குப் புதியதன்று. கௌடலியரின் பொருணூல் யானைக் காடுகளைத் தனியே அமைத்து, அவற்றிற்குக் கண்காணிப்பாளரை நியமிக்குமாறு கூறுகின்றது. யானையைக் கொன்றவனுக்குக் கொலைத்தண்டம் விதிக்கின்றது. தானே இறந்த யானையின் தந்தங்களைக் கொணர்ந்து ஒப்படைப்பவனுக்கு நாலரைப் பணம் பரிசளிக்கச் சொல்கின்றது. காப்பிற்காகப் பொருள் வழங்குவதைக் கூறும் மிகப் பழைய விதிகளுள் இஃது ஒன்று. ஆனால் இங்கே யானை அரசனின் படைப்பொருள் ஆதலாலேயே காக்கப்பட்டது என்பதை மறத்தல் ஆகாது. அசோகன் தன் முடிசூட்டிற்குப் பின் 26 ஆண்டுகள் கழிந்த காலத்தில் பொறித்த தூண்கல்வெட்டு, கொல்லலாகா உயிர்கள் பலவற்றைப் பெயர் சுட்டிக் கூறுகின்றது. அவனது இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவம் செய்யும் ஏற்பாடு சோழர், பாண்டியர் நாடுகளிலும் இருந்ததாக உரைக்கின்றது.

சங்க இலக்கியத்தில் இருவேறு நோக்குகள் உடன் நிற்கின்றன. ஒருபால் பேகனும் பாரியும் உயிர்கள்பால் காட்டிய அருளைப் புலவர் போற்றினர். மறுபால், கரிகாலன் காடுகளை அழித்து ஊர்களைப் பெருக்கியதையும் குளங்களைத் தோண்டியதையும் பட்டினப்பாலை பெருமையாகப் பேசுகின்றது. அருள் தனி மனிதனின் கொடையாகவும், காடழித்தல் அரசின் ஆக்கப் பணியாகவும் கருதப்பட்டன. பேகன் செயல் வள்ளன்மையின் எல்லையைக் காட்டுவதேயன்றி அரசு நடத்திய அறநிலையத்தைக் காட்டுவதன்று.

எனினும் சோழர் காலத்து நிறுவனம் ஒன்று நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. முதலாம் பராந்தகன் காலத்தனவாகிய உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன. ஏரியைத் தூர்வாரவும் கரையை உயர்த்தவும் விடப்பட்ட நிலங்கள் ஏரிப்பட்டி எனப்பட்டன. இவ்வாறு ஏரியைக் காக்கும் பொருள் ஊரின் நிலத்திலேயே கட்டப்பட்டிருந்தது. பறவைக்கென்று தனிப்பொருள் எவரும் ஒதுக்கவில்லை. ஏரிக்கு ஒதுக்கிய பொருளே பறவையையும் காத்தது. இக்கருத்தை உளங்கொண்டு, உத்தரமேரூர்க்கு அண்மையில் உள்ள வேடந்தாங்கலை நோக்குவோம்.

2. வேடந்தாங்கல்: ஊரார் பொறுத்த செலவு

வேடந்தாங்கல் என்னும் பெயரை வேடர் தங்கிய ஊர் என ஆங்கிலத்தார் பொருள் கொண்டனர்; இன்றும் பலர் அவ்வாறே எழுதுகின்றனர். தொண்டை நாட்டில் தாங்கல் என்பது நீரைத் தாங்கும் ஏரியைக் குறிக்கும் பெயராகும். அந்நாட்டில் தாங்கல் என முடியும் ஊர்ப்பெயர்கள் பலவற்றைக் காணலாம். ஆகவே வேடன் தாங்கல் என்பது வேடனது ஏரி எனப் பொருள்படுதலே பொருத்தமாகும். வேடனின் பெயரைத் தாங்கிய ஏரியே பறவைகளின் புகலிடமாயிற்று என்பது எண்ணி மகிழத்தக்க முரண்.

ஏறத்தாழ 30 எக்டேர் பரப்புள்ள இவ்வேரியில், நீரினிடையே நிற்கும் கடப்ப மரங்களில் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், நீர்க்காகம், கரண்டிவாயன், வக்கா, கூழைக்கடா முதலிய பறவைகள் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த ஏரிநீர் கீழுள்ள வயல்களுக்கு உரமாகப் பாய்கின்றது. இந்நன்மையை ஊரார் நெடுங்காலமாக அறிந்திருந்தனர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டுப் பகுதி, ஆர்க்காட்டு நவாபு கும்பினிக்கு அளித்த ஜாகீராக இருந்தது. 1794 முதல் 1798 வரை அங்குக் கலெக்டராக விளங்கியவர் லயோனல் பிளேசு. மதுராந்தகம் ஏரி உடையாமல் இராமன் காத்தான் என்னும் வழக்கோடு தொடர்புடையவராக மக்கள் நினைவில் நிற்பவரும் இவரே. வேட்டைக்கு வந்த வெள்ளைப் படைவீரர் வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் சென்று முறையிட்டனர் என்றும், பறவைகளைச் சுடலாகாது என அவர் கவுல் எழுதித் தந்தார் என்றும் வழிவழிச் செய்தி கூறுகின்றது. அப்பத்திரம் தொலைந்தபின், 1858இல் ஊரார் வேண்டுகோளின்மேல் அவ்வுரிமை மீண்டும் உறுதி செய்யப்பெற்றது. கவுல் என்பது அக்காலத்தில் நிலக்குத்தகைக்கும் அரசின் உறுதிமொழிக்கும் வழங்கிய சொல். பறவைக் காப்பினை ஊரார் இரக்கமாக வேண்டவில்லை. உழவுரிமையின் ஒரு பகுதியாகவே கேட்டனர் என்பது இச்சொல்லாட்சியால் புலனாகும்.

இதன் பொருள்வழியை ஆராயின், அரசு இதற்கெனக் காசு ஒதுக்கியதாகக் கொள்ள இடமில்லை. அரசு தந்தது ஓர் ஆணை. காவலை ஊரார் தந்தனர். பறவை குஞ்சு பொரிக்கும் காலத்தில் வேட்டையாடாமலும், கூடுள்ள மரங்களை வெட்டாமலும், பெருவொலி எழுப்பாமலும் இருத்தலே அவர் செலுத்திய பொருள். பெற்றது உரம். செலவு செய்தவரும் பயன் கொண்டவரும் ஒருவரே ஆதலால் இந்த ஏற்பாடு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பெரிதும் குலையாமல் நின்றது. 1936இல் மாவட்ட ஆட்சியால் புகலிடமாக ஏற்கப்பட்டதும், 1998இல் ஏரியைச் சூழ்ந்த 5 கிலோமீட்டர்ப் பரப்பும் உட்படச் சட்டப்படி அறிவிக்கப்பட்டதும் இதற்குப் பின் வந்தனவே. 2020இல் அப்பரப்பைக் குறைக்கும் முன்மொழிவு தோன்றியபோது எழுந்த எதிர்ப்பும் இப்பழைய உறவின் வலிமையைக் காட்டிற்று.

வேடந்தாங்கல் தனித்த நிகழ்ச்சி அன்று. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி ஏரிகள் 1977இல் புகலிடமாயின. பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காத வழக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் உண்டு. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் 1994இல் அறிவிக்கப்பட்டது. அங்கே பறவைகள் ஊரினுள் வீட்டோரத்து மரங்களிலும் கூடு கட்டுகின்றன. சட்டம் இவ்வூர்களில் காப்பினைத் தோற்றுவிக்கவில்லை. இருந்த காப்பினை ஏற்றுக்கொண்டது.

3. நீலகிரி: வேட்டையாடுவோர் கட்டணம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை அரசு காட்டை வருவாய்ப் பொருளாகக் கண்டது. 1856இல் இயூ கிளெகார்ன் தலைமையில் அமைந்த காட்டிலாகா, தேக்கும் பிற மரமும் தரும் துறையாகவே வளர்ந்தது. யானையைப் பயிருக்குப் பகையெனக் கருதி அதைக் கொன்றவர்க்குப் பரிசு வழங்கிய அரசு, மரம் இழுக்கவும் பாரம் சுமக்கவும் யானை தேவைப்பட்டதும் மனம் மாறிற்று. 1873ஆம் ஆண்டின் முதற் சட்டமாகச் சென்னையில் நிறைவேறியது காட்டுயானைக் காப்புச் சட்டம். 1879இல் இந்திய அரசு இதனைத் தொடர்ந்து நாடு தழுவிய சட்டம் ஒன்றை இயற்றிற்று. கௌடலியர் கூறிய காரணமே ஈண்டும் நின்றது: யானை அரசுக்குப் பயன்பட்டது; ஆதலால் காக்கப்பட்டது.

இதனின் வேறுபட்டது நீலகிரியில் நிகழ்ந்தது. உதகமண்டலத்தில் வாழ்ந்த ஆங்கில அலுவலரும் தோட்ட உடைமையாளரும் கூடி 1877இல் நீலகிரி வேட்டை விலங்குக் காப்புச் சங்கத்தை நிறுவினர். வரையாடும் கடமானும் வேட்டைக்குக் கிடைக்காமல் அருகிவிடும் என்னும் அச்சமே அதன் தோற்றத்திற்குக் காரணம். இரண்டாண்டில், 1879ஆம் ஆண்டு இரண்டாம் சட்டமாக நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் காப்புச் சட்டம் நிறைவேறியது. காட்டெருது, கடமான், வரையாடு, மான் வகைகள், முயல், காட்டுக்கோழி, மயில், கவுதாரி, காடை முதலியன அதன் காப்பிற்கு உட்பட்டன. விலக்குக் காலம் வகுக்கப்பட்டது. வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் உரிமம் வேண்டும் என்றாயிற்று.

உரிமக் கட்டணத்தால் கிடைத்த பொருள் காவலர்களுக்கு ஊதியமாகவும், சட்டத்தை மீறியோரைக் காட்டிக் கொடுப்பவர்க்குப் பரிசாகவும், ஆறுகளில் மீன்குஞ்சு விடுதற்கும் செலவாயிற்று. காட்டுயிருக்கெனத் தனியே ஈட்டி, அதன்பொருட்டே செலவிடப்பட்ட நிதி தென்னாட்டில் முதன்முதல் தோன்றியது இவ்வாறே எனலாம். வேட்டையாடுபவனே விலங்கைக் காக்கப் பொருள் தந்தான் என்பது முரணாகத் தோன்றினும், இம்முறையால் நன்மை விளையாமல் இல்லை. மலையுச்சிப் புல்வெளிகளில் வரையாடு முற்றும் அற்றுப் போகாமைக்கு இச்சங்கத்தின் பணியும் ஒரு காரணம்.

ஆனால் பொருள் தந்தவன் விருப்பம் காப்பின் எல்லையை வகுத்தது. வேட்டைக்குச் சிறந்த விலங்கு காப்புப் பெற்றது. அவ்விலங்கை உண்ணும் விலங்கு பகையாயிற்று. செந்நாயைக் கொன்றவர்க்குப் பரிசு வழங்கப்பட்டது. புலிக்கும் சிறுத்தைக்கும் அரசே பரிசு அளித்தது. வரையாட்டைக் காத்த கையே செந்நாயை அழிக்கவும் பொருள் தந்தது. இனி, பணம் கொடுத்து உரிமம் பெறுபவன் சட்டத்துக்குட்பட்ட வேட்டையாளன் எனவும், வலையும் கண்ணியும் கொண்டு தன் உணவுக்கு விலங்கைப் பிடித்த மலைக்குடி திருட்டு வேட்டையாளன் எனவும் கருதப்பட்டனர். காட்டையே வாழிடமாகக் கொண்ட இருளர், குறும்பர் முதலியோருக்கு இக்கணக்கில் இடமில்லை. அவர்களைச் சங்கத்தின் உறுப்பினராகவோ சட்டத்தின் பயனாளராகவோ எவரும் எண்ணவில்லை.

4. அமெரிக்க நாட்டு ஒப்புமை

இம்முறையின் முழு வளர்ச்சியைக் காண அமெரிக்க ஐக்கிய நாடுகளை நோக்குதல் வேண்டும். அங்கே ஒவ்வொரு மாநிலமும் வேட்டை உரிமக் கட்டணத்தால் தன் காட்டுயிர்த் துறையை நடத்திற்று. 1934இல் நீர்ப்பறவை வேட்டையாளர் ஒரு டாலர் கொடுத்து முத்திரைத்தாள் வாங்க வேண்டும் என்னும் சட்டம் வந்தது. அப்பொருள் சதுப்பு நிலங்களை வாங்கச் செலவாயிற்று. 1937இல் நிறைவேறிய பிட்மன் – இராபர்ட்சன் சட்டம், வேட்டைத் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின்மீது விதித்த தீர்வையைக் காட்டுயிர்ப் பணிக்கு உரிமையாக்கியது. தீர்வை பின்னர் நூற்றுக்கு 11 என நின்றது. ஒரு பணியின் செலவில் நான்கில் மூன்று பங்கை நடுவண் அரசு இப்பொருளிலிருந்து தரும். ஒரு பங்கை மாநிலம் தரவேண்டும்.

இச்சட்டத்தில் நாம் கருதத்தக்க நிபந்தனை ஒன்று உண்டு. வேட்டையாளர் செலுத்தும் உரிமக் கட்டணத்தை வேறு எதற்கும் செலவிடுவதில்லை எனச் சட்டம் இயற்றிய மாநிலமே இப்பொருளைப் பெறலாம். அதனால் காட்டுயிர் நிதி பொது வருவாயில் கரைந்துபோகாமல் காக்கப்பட்டது. வெண்வால் மான், காட்டு வான்கோழி முதலியன அந்நாட்டில் மீண்டும் பெருகியதற்கு இந்நிலைத்த வருவாய் பெருந்துணை செய்தது. ஆனால் நீலகிரியில் கண்ட குறை அங்கும் காணப்பட்டது. வேட்டைக்குரிய உயிர்களுக்குப் பொருள் மிகுந்தது. பாடும் சிறுபறவைக்கும் தவளைக்கும் நத்தைக்கும் நெடுங்காலம் சிறுபங்கே கிடைத்தது. பொருள் வரும் வழியே காக்கப்படும் உயிரைத் தெரிவு செய்கிறது என்னும் நம் கருத்தை இஃது அரண் செய்கின்றது.

5. அரசு வருவாயின் காலம்

தமிழ்நாட்டில் உரிமக் கட்டண முறை அமெரிக்காவிற் போல வளரவில்லை. வேட்டையாளர் தொகை சிறிது. காடு அரசின் உடைமை. ஆகவே காப்பும் அரசின் பணியாயிற்று. 1940இல் முதுமலையில் ஏறத்தாழ 60 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் ஒரு புகலிடம் அமைக்கப்பட்டது. பின்னர் அது பலமுறை விரிந்து 321 சதுர கிலோமீட்டரை எட்டிற்று. திருவிதாங்கூரில் 1934இல் பெரியாற்றுப் பகுதியிலும், வடநாட்டில் 1936இல் எய்லி தேசியப் பூங்காவாகவும் இத்தகைய முயற்சிகள் முன்னரே தொடங்கியிருந்தன.

விடுதலைக்குப் பின் 1952இல் மைசூர் மன்னர் சயசாமராசேந்திரர் தலைமையில் இந்தியக் காட்டுயிர் வாரியம் அமைந்தது. அவ்வாரியத்தில் பணியாற்றியவருள் ஒருவர் மா. கிருஷ்ணன். தமிழ் நாவல் வரலாற்றில் சிறந்த இடம் பெற்ற அ. மாதவையாவின் மகனாகிய இவர், ஆங்கிலத்தில் 1950 முதல் 1996 வரை இடையறாது இயற்கைக் கட்டுரைகள் எழுதியவர், தமிழிலும் எழுதியவர். வேற்றுநாட்டு மரங்களை நட்டுக் காட்டை வளர்த்தோம் என்று கணக்குக் காட்டுவதை அவர் ஏற்கவில்லை. நிலத்திற்கு உரிய மரமும் கொடியும் இருந்தால்தான் விலங்கு வாழும் என்பது அவர் கொள்கை. செலவிட்ட தொகையைக் கொண்டு காப்பினை அளத்தல் ஆகாது என்னும் எச்சரிக்கையாக இதனைக் கொள்ளலாம்.

1972ஆம் ஆண்டுக் காட்டுயிர் (பாதுகாப்பு)ச் சட்டம் ஒரு பெருந்திருப்பம். அக்காலத்தில் காட்டுயிர் மாநிலப் பட்டியலில் இருந்தமையால், மாநிலங்கள் சில தீர்மானித்து வேண்டியதன் பேரிலேயே நாடாளுமன்றம் அதனை இயற்றிற்று. வேட்டை படிப்படியே அறவே ஒழிந்தது. அதனோடு உரிமக் கட்டணம் என்னும் பொருள்வழியும் வற்றிற்று. நீலகிரிச் சங்கமும் வேட்டையை விடுத்துக் காட்டுயிர், சுற்றுச்சூழல் சங்கமாக மாறியது. அச்சங்கத்தோடு தொடர்புடையவரும் வழக்கறிஞருமான இ. ரெ. சி. தாவீதார் 1975இல் வரையாடுகளைக் கணக்கெடுத்தார். அவர் நினைவாகவே அக்டோபர் 7ஆம் நாள் வரையாட்டு நாளாக இன்று தமிழ்நாட்டரசால் கொண்டாடப்படுகின்றது. வேட்டைக்காகத் தோன்றிய சங்கத்தின் வழியிலேயே வரையாட்டின் கணக்கும் காப்பும் வளர்ந்தன என்பது வரலாற்றின் நகைச்சுவை.

1973 ஏப்ரல் முதல் நாள் ஒன்பது காப்பகங்களோடு புலித் திட்டம் தொடங்கிற்று. அதற்கு முந்திய ஆண்டுக் கணக்கு 1,827 புலிகள் எனக் கூறியது. உலகக் காட்டுயிர் நிதியம் பத்து இலட்சம் டாலர் திரட்டித் தர முன்வந்தது. ஒன்பதனுள் தமிழ்நாட்டுக் காடு ஒன்றும் இல்லை. முதுமலையை ஒட்டிய பந்திப்பூர் இடம்பெற்றது. 1976ஆம் ஆண்டு அரசியற்சட்டத் திருத்தம் காட்டையும் காட்டுயிரையும் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அவற்றைக் காத்தலை அரசின் நெறியாகவும் குடிமகனின் கடமையாகவும் ஆக்கிற்று. நடுவண் அரசின் பொருள் மாநிலக் காட்டிற்குப் பெருகி வரும் வாயில் இவ்வாறு அகன்றது. 1988இல் களக்காடு – முண்டந்துறை தமிழ்நாட்டின் முதற் புலிகள் காப்பகமாயிற்று. பின்னர் ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம் ஆகியனவும், 2021இல் திருவில்லிப்புத்தூர் – மேகமலையும் சேர்ந்தன. தமிழ்நாட்டில் 2006இல் 76 என மதிப்பிடப்பட்ட புலிகள் 2022இல் 306 எனக் கணிக்கப்பட்டன.

இவ்வளர்ச்சிக்குப் பின் நின்ற பொருளமைப்பினைச் சுருங்கக் கூறுவோம். புலிகள் காப்பகத்தில் ஒருமுறை செலவுகளுக்கு நடுவண் அரசு 60 பங்கும் மாநிலம் 40 பங்கும், தொடர் செலவுகளுக்கு இரண்டும் செம்பாதியும் ஏற்பது 2015க்குப் பின் வந்த முறை. 2006ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் ஒவ்வொரு காப்பகத்திற்கும் ஓர் அறக்கட்டளை அமைக்கச் செய்தது. காண வருவோர் செலுத்தும் கட்டணம் அரசின் பொது வருவாயில் சேராமல் அவ்வறக்கட்டளைக்கே உரியதாயிற்று. அமெரிக்கச் சட்டம் 1937இல் விதித்த நிபந்தனையின் சாயலை இங்கே காணலாம். அங்கே பொருள் தருபவன் வேட்டையாளன், இங்கே காண்பவன். ஆகவே காணத் தகுந்த புலியும் யானையும் முதன்மை பெற்றன. 2022இல் தமிழ்நாட்டரசு வரையாட்டுத் திட்டத்தை 25.14 கோடி ரூபாய் மதிப்பில் அறிவித்ததும், அதே ஆண்டில் கடவூரில் தேவாங்குப் புகலிடமும் பாக்கு நீரிணையில் கடற்பசுக் காப்பகமும் ஏற்படுத்தியதும் இந்நிலையை ஓரளவு திருத்தும் முயற்சிகளாகப் பாராட்டத்தக்கன.

அரசின் கணக்கில் ஏறாத பொருளும் உண்டு. காப்பகத்தின் உட்பகுதியிலிருந்து வெளியேற இசையும் குடும்பத்திற்கு 2008இல் 10 இலட்சம் ரூபாயும், 2021 முதல் 15 இலட்சம் ரூபாயும் என விதிக்கப்பட்டது. விட்டுச் சென்ற கோயில், இடுகாடு, தேனடைக்கு உரிய பாறை ஆகியவற்றை எத்தொகையால் அளப்பது? 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இவ்வினாவை எழுப்பியது. விடை இன்னும் முற்றவில்லை.

6. ஈட்டுத்தொகையின் காலம்

நான்காம் பொருள்வழிக்கும் நீலகிரியே தாயகமாயிற்று. முதுமலைக் காடு முற்காலத்தில் நிலம்பூர்க் கோவிலகத்தின் திருமுல்பாடுகளுக்கு உரியதாக இருந்தது. கூடலூர்ப் பகுதியில் அவர்களுக்கு இருந்த சன்ம நிலங்களை அரசுடைமையாக்க 1969இல் சட்டம் வந்தது. அந்நிலங்களில் மரம் வெட்டப்படுவதைக் கண்டு, அக்குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பர் 12ஆம் நாள் ஆணை, காடு என்னும் சொல்லுக்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும் எனக் கூறிற்று. ஒரு சொல்லின் பொருள் இந்நாட்டுக் காடுகளின் நிலையையே மாற்றியது என்பது மொழியாராய்வார்க்கு இன்பம் தரும் செய்தி.

அவ்வழக்கின் தொடர்ச்சியாக, காட்டு நிலத்தைச் சுரங்கத்திற்கோ அணைக்கோ சாலைக்கோ பெறுபவர் மாற்றுக் காடு வளர்ப்பதற்கும், அழியும் காட்டின் மதிப்பிற்கும் பணம் செலுத்தும் முறை உருவாயிற்று. 2016ஆம் ஆண்டு மாற்றுக் காடு வளர்ப்பு நிதிச் சட்டம் இப்பொருளில் நூற்றுக்கு 90 பங்கை மாநிலத்திற்கும் 10 பங்கை நடுவண் நிதிக்கும் ஆக்கியது. காட்டை வளர்க்கும் பொருள் காடு அழிவதிலிருந்தே வருகின்றது. மிகுந்த அழிவு நேர்ந்தால் மிகுந்த நிதி சேரும். செந்நாயைக் கொன்று வரையாட்டைக் காத்த கணக்கின் புது வடிவம் இது எனல் மிகையாகாது.

7. நெய்வேலிச் சூழலில் இவ்வினா

கம்மாபுரம் வட்டாரத்திற்கு இவ்வாராய்ச்சி எவ்வாறு பொருந்தும்? நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் தோன்றிற்று. 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். அந்நிலக்கரியால் தமிழ்நாட்டு வீடுகளில் விளக்கெரிந்தது. சுரங்கத்தில் அகழ்ந்த மண் மலைபோல் குவிந்து, அம்மேடுகளின்மேல் மரங்கள் நடப்பட்டுள்ளன. சுரங்கத்திலிருந்து இறைக்கப்படும் நீர் வாலாஜா ஏரி வழியாகப் பாசனத்திற்குப் பயன்படுகின்றது.

இங்கே சுரங்கத்திற்கு ஆன நிலம் பெரும்பாலும் உழவு நிலம். மேற்கூறிய நிதிச் சட்டமோ காட்டு நிலத்தையே கருதும். வயலும் ஏரியும் களரும் வாய்க்காலும் அச்சட்டத்தின் கணக்கில் காடு ஆகா. சுற்றுச்சூழல் இசைவின் நிபந்தனைகள் வேறு உண்டு. உழவனுக்கு நிலத்தின் விலையும் உண்டு. ஆயினும் அவ்வயலை நம்பிய கொக்குக்கும், ஏரியை நம்பிய நாரைக்கும், வேலிப் புதரை நம்பிய கவுதாரிக்கும் எக்கணக்கிலும் தனிவரி இல்லை. தமிழ்நாட்டின் நீர்ப்பறவைகளுள் பெரும்பகுதி காப்பகத்தில் வாழவில்லை. ஏரியிலும் நெல்வயலிலும் வாழ்கின்றது. பராந்தகன் காலத்து வீராணம் ஏரியும் பெருமாள் ஏரியும் இவ்வட்டாரத்துப் பறவைகளுக்குச் சோறிடும் களங்கள். வீராணத்து நீர் 2004 முதல் சென்னை மக்களுக்கும் செல்கின்றது. அந்நீரைப் பருகும் நகரம் அவ்வேரியின் பறவைக்கு என்ன செலுத்துகின்றது என்று கேட்பாரில்லை.

ஏரிப்பட்டி என்னும் பழைய ஏற்பாட்டை இங்கு நினைவுகூர்தல் தகும். ஏரியின் நீரால் பயன் பெறுபவன் தன் விளைவில் ஒரு பங்கை ஏரிக்கே திருப்பித் தந்தான். அப்பங்கு தொலைவிலுள்ள கருவூலத்திற்குச் சென்று மீளவில்லை. ஊர் வாரியத்தின் கையிலேயே நின்றது. அத்தகைய நிலைத்த நிதி இன்று ஏரிகளுக்கு இல்லை. புலிக்கு அறக்கட்டளை உண்டு. ஏரிக்கு ஏரிப்பட்டியும் இல்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும் முடிவுகளைத் தொகுத்துரைப்போம். முதலாவது, தமிழ்நாட்டில் காட்டுயிர்க் காப்பு சட்டத்திற்கு முற்பட்டது. அதன் முதற்பொருள் ஊராரின் பொறுமையும் கட்டுப்பாடும் ஆகும். இரண்டாவது, வேட்டையாளன் பொருள் வேட்டை விலங்கையும், காண்போன் பொருள் காணத்தக்க விலங்கையும், அழிப்போன் பொருள் மாற்று மரங்களையுமே முதன்மையாகக் காத்தன. மூன்றாவது, செலவு செய்பவரும் பயன் பெறுபவரும் ஒருவராக இருந்த வேடந்தாங்கலில் காப்பு நிலைத்தது. இருவரும் பிரிந்த இடங்களில் பகை தோன்றிற்று.

இனி மாணவர் எழுப்பிய வினாவுக்கு வருவோம். மல்லாட்டையைத் தின்ற மயிலின் செலவு யாருடையது? பேகன் காலத்தில் அது வள்ளலுடையது. இன்று மயில் நாட்டின் பறவை. ஆதலால் செலவும் நாட்டினுடையதே ஆதல் வேண்டும். பயிரிழப்புக்கு அரசு உதவித்தொகை வழங்கும் வழக்கம் உண்டு. அதனை இரங்கி அளிக்கும் உதவியாகக் கருதாமல், காப்பிற்கு உழவன் முன்னரே செலுத்திவிட்ட பங்கிற்கு நாடு செய்யும் கைம்மாறாகக் கருதுதலே நேர்மை. வேடந்தாங்கல் உழவர் கவுல் கேட்டபோது இரக்கத்தைக் கேட்கவில்லை, உரிமையையே கேட்டனர். அப்பெருமிதம் இன்றைய உழவனுக்கும் உரியது.

தமிழாய்வாளர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. ஊர்ப் பத்திரங்களும், ஏரி பற்றிய வழக்குரைகளும், பறவை வரும் காலத்தில் ஊரார் மேற்கொள்ளும் விலக்குகளும், ஏரி, தாங்கல், ஏந்தல், ஓடை என்னும் இடப்பெயர்களும் முதியோர் நாவிலும் பழைய பெட்டிகளிலும் சிதறிக் கிடக்கின்றன. இவ்வட்டாரத்தில் ஊர்கள் இடம் பெயர்கின்றன. பெயர்ந்த ஊரோடு அதன் வழக்கும் பெயர்ந்து மறைகின்றது. முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊர் ஏரியின் வரலாற்றை எழுதி வைப்பாராயின், காட்டுயிர்க் காப்பின் செலவை இதுவரை யார் செலுத்தி வந்தனர் என்பதற்குச் சான்று கிடைக்கும். அச்சான்று கைவந்த பின்னரே இனி யார் செலுத்த வேண்டும் என்பதை நேர்மையாக வழக்காட இயலும்.